தாயுயிர் காத்த தகைமையாளர்

நுழையும்முன்

குழந்தை பிறக்கும் நாள் இல்லத்திற்கு மகிழ்ச்சி தரும் நாள். ஆயினும், அந்த நாளைத் தாயின் உயிர்க்கு அஞ்சி அனைவரும் எதிர்நோக்கிய காலம் ஒன்று இருந்தது. மகப்பேறு பார்த்த மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமந்து சென்றன. அதனை அவர்கள் அறியவில்லை. அவ்வுண்மையைக் கண்டறிந்து கூறியவர் ஒருவர். கூறியமையால் துன்புற்றவரும் அவரே. அவரது வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஐரோப்பாவில் பாயும் தன்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் புடா, பெஸ்ட் என்னும் நகரங்கள் எதிரெதிரே அமைந்திருந்தன. பிற்காலத்தில் அவை ஒன்றிணைந்து, ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ட் உருவாயிற்று. புடா நகரில் 1818ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இக்னாஸ் செம்மல்வைஸ் பிறந்தார். அவருடைய தந்தையார் மளிகைப் பொருள் வணிகர்.

செம்மல்வைஸ் 1837இல் சட்டம் பயில்வதற்காக ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற்குச் சென்றார். ஆனால், ஓராண்டிற்குள் அவரது நாட்டம் மருத்துவத்தின்பால் திரும்பியது. 1844இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகத் தேர்ந்துகொண்டார். 1846ஆம் ஆண்டு ஜூலையில், வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்று முதற்பிரிவில் பேராசிரியர் யோகான் கிளைனின் உதவியாளராகப் பணியேற்றார். அப்போது அவருக்கு அகவை 28.

ஒரே மருத்துவமனை, இரு பிரிவுகள்

வியன்னா பொது மருத்துவமனை அக்காலத்தில் ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று. ஏழைப் பெண்களுக்கு அங்குக் கட்டணமின்றி மகப்பேறு பார்க்கப்பட்டது. பிறந்த குழந்தைகளை வளர்க்க இயலாத தாய்மாருக்கு உதவியும் கிடைத்தது. அதற்கு ஈடாக, மருத்துவம் பயில்வோர் அப்பெண்களிடம் பயிற்சி பெற்றனர்.

மகப்பேற்றுப் பகுதி இரண்டு பிரிவுகளாக இயங்கியது. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒருநாள் வருவோர் முதற்பிரிவிலும், மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். எந்த நாளில் வலி கண்டதோ அதுவே ஒரு பெண் எந்தப் பிரிவிற்குச் செல்வாள் என்பதை முடிவு செய்தது.

1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4,010 மகப்பேறுகள் நிகழ்ந்தன. 459 தாய்மார் இறந்தனர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 மகப்பேறுகள் நிகழ்ந்தன. இறந்த தாய்மார் 105 பேர். நூற்றுக்குப் பதினொருவர் ஒரு பிரிவில் இறக்க, நூற்றுக்கு மூவர் மற்றொரு பிரிவில் இறந்தனர். இரண்டிற்கும் இடையே சில அறைகளின் தொலைவே இருந்தது.

அவர்களைக் கொன்ற நோய்க்குப் பேறுகாலக் காய்ச்சல் என்று பெயர். நலமாகக் குழந்தை பெற்ற தாய்க்கு ஓரிரு நாளில் குளிர்நடுக்கம் தோன்றும். காய்ச்சல் ஏறும், வயிறு வீங்கி வலிக்கும். சில நாள்களில் உயிர் பிரியும். அருகில் கிடத்தப்பட்ட குழந்தை தாயற்றதாகும். சில வேளைகளில் பச்சிளங்குழந்தையும் அதே நோயின் அடையாளங்களுடன் இறப்பதுண்டு.

வியன்னா நகரத்து ஏழைப் பெண்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என்று மண்டியிட்டு அழுதனர். மருத்துவமனைக்கு வரும் வழியில், தெருவிலேயே குழந்தை பெற்றுப் பின்னர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. வியப்பு யாதெனில், மருத்துவர் எவரும் தொடாமல் தெருவில் குழந்தை பெற்ற அப்பெண்களுள் காய்ச்சலுற்றோர் மிகச் சிலரே. இச்செய்தி செம்மல்வைஸின் உறக்கத்தைக் கெடுத்தது.

விடை தேடிய உள்ளம்

இந்நோய்க்கு அக்கால அறிஞர் பல காரணங்கள் கூறினர். செம்மல்வைஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

காற்றில் பரவும் நச்சாவியே காரணம் என்றனர் சிலர். இரு பிரிவுகளும் ஒரே மருத்துவமனையில் ஒரே காற்றைப் பெறுவன. காற்று காரணமாயின், இரண்டிலும் இறப்பு ஒத்திருத்தல் வேண்டும். ஆகவே, அக்கருத்தை அவர் தள்ளினார்.

கூட்ட நெரிசலே காரணம் என்றனர் வேறு சிலர். பெண்கள் முதற்பிரிவிற்கு அஞ்சியமையால் இரண்டாம் பிரிவிலேயே நெரிசல் மிகுதியாக இருந்தது. அங்கேதான் இறப்பு குறைவு. எனவே, அதுவும் பொருந்தவில்லை.

இறக்கும் தறுவாயிலுள்ள பெண்ணுக்கு இறுதி வழிபாடு செய்ய, பாதிரியார் மணி ஒலிக்க முதற்பிரிவின் அறைகளைக் கடந்து செல்வது வழக்கம். அவ்வொலி கேட்ட அச்சமே நோயைத் தருகிறது என்பாரும் இருந்தனர். மணியொலியின்றி வேறு வழியாகச் செல்லுமாறு பாதிரியாரை வேண்டினார் செம்மல்வைஸ். இறப்பு குறையவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தை பெறுவதைக் கண்டு, தம் பிரிவிலும் அவ்வாறே செய்வித்தார். அப்போதும் இறப்பு குறையவில்லை.

நண்பரின் மறைவு காட்டிய வழி

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் செம்மல்வைஸ் சில நாள் ஓய்விற்காக வெனிசு நகரம் சென்று திரும்பினார். திரும்பியதும் துயரச் செய்தி ஒன்று அவரை எதிர்கொண்டது. அவர் மதித்த பேராசிரியர் யாக்கோப் கொல்லெச்கா இறந்திருந்தார். பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி தவறி அவரது விரலில் பட்டது. அச்சிறு காயம் நச்சேறி, அவரது உயிரைப் பறித்தது.

நண்பரின் உடலை ஆய்ந்து எழுதப்பட்ட குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். அதில் கண்ட நோய்க்குறிகள் அனைத்தும், பேறுகாலக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடலில் கண்டவையாகவே இருந்தன. ஆணொருவர் அதே நோயால் இறந்துள்ளார் எனில், அது பேறுகாலத்திற்கே உரிய நோயாக இருத்தல் இயலாது. கத்தியின் வழியே பிணத்தின் நச்சுத் துகள் நண்பரின் குருதியில் கலந்தது. அத்தகைய துகளே தாய்மாரையும் சென்றடைகிறது எனில், அதனைக் கொண்டு செல்வது எது?

முதற்பிரிவின் மருத்துவரும் மாணவரும் காலையில் பிணக்கூறாய்வு செய்தனர். கைகளைச் சோப்பு நீரில் கழுவிக்கொண்டு, நேரே மகப்பேற்று அறைக்குச் சென்று பெண்களை ஆய்ந்தனர். கழுவிய பின்னும் பிணவாடை அவர்கள் கைகளில் நீங்காமல் இருந்தது. மருத்துவச்சிகளோ பிணக்கூறாய்வு செய்வதில்லை. இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுவே.

குழந்தை பிறந்தபின், நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கருப்பையினுள் திறந்த புண்போல் இருக்கும். அதன்வழியே நச்சு எளிதில் குருதியில் கலந்துவிடும். செம்மல்வைஸுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயின், அவ்விடை இனியதாக இல்லை. நோயின் காரணத்தை அறியும் ஆர்வத்தால் நாள்தோறும் பிணக்கூறாய்வு செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். தாம் காக்க விரும்பிய பெண்கள் பலருக்குத் தம் கைகளே நோயைக் கொண்டு சென்றன என்பதை அவர் உணர்ந்தார். அக்குற்றவுணர்வு வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை. எனினும், அவ்வுண்மையை அவர் மறைக்கவுமில்லை.

குளோரின் நீரும் குறைந்த இறப்பும்

வாடை நீங்கினால் நச்சுத் துகளும் நீங்கும் என்று கருதினார் செம்மல்வைஸ். வாடையைப் போக்கும் ஆற்றல் குளோரினுக்கு உண்டு. ஆகவே, 1847ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில், முதற்பிரிவின் வாயிலில் குளோரின் நீர் வைக்கப்பட்டது. பிணக்கூறாய்வு செய்து வரும் எவரும் அதில் கைகளைக் கழுவிய பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். பின்னர், விலை குறைந்த குளோரின் கலந்த சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். இன்று பிளீச்சிங் பவுடர் என்று நாம் கூறுவது அதனையே.

ஏப்ரல் மாதத்தில் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினெண்மர் இறந்திருந்தனர். ஜூன் மாதம் 268 மகப்பேறுகளில் இறந்தோர் அறுவர். ஜூலை மாதம் 250 மகப்பேறுகளில் இறந்தோர் மூவர். 1848ஆம் ஆண்டு முழுவதும் 3,556 மகப்பேறுகளில் இறந்தோர் 45 பேர் மட்டுமே. அவ்வாண்டின் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய மாதங்களில் முதற்பிரிவில் ஒரு தாயும் இறக்கவில்லை.

இடையே ஒரு சறுக்கலும் நேர்ந்தது. 1847ஆம் ஆண்டு அக்டோபரில், கருப்பையில் புற்றுநோய் கொண்ட பெண்ணொருவர் முதற்படுக்கையில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்கள் அவரை முதலில் ஆய்ந்து, சோப்பு நீரில் மட்டும் கைகழுவி, அடுத்தடுத்த பெண்களை ஆய்ந்தனர். அப்போது குழந்தை பெற்ற பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். நச்சு பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. உயிருள்ளோரின் அழுகிய புண்ணிலிருந்தும் வரும் என்பதைச் செம்மல்வைஸ் உணர்ந்தார். அன்று முதல், ஒரு பெண்ணை ஆய்ந்து மற்றொரு பெண்ணிடம் செல்லும்போதும் குளோரின் நீரில் கைகழுவ வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

ஏற்க மறுத்த உலகம்

இத்தனை உயிர்களைக் காத்தவரை உலகம் போற்றியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ வேறு. எப்ரா, இசுகோடா, உரோகித்தான்சுக்கி ஆகிய வியன்னா மருத்துவர்கள் அவரை ஆதரித்தனர். ஆனால், மூத்த மருத்துவர் பலர் ஏற்க மறுத்தனர். நுண்ணுயிர்களே நோயைத் தருவன என்பது அக்காலத்தில் மெய்ப்பிக்கப்படவில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒன்று உயிரைக் கொல்லும் என்பதை அவர்களால் நம்ப இயலவில்லை. அதனினும் பெரிய தடை ஒன்று இருந்தது. செம்மல்வைஸின் கூற்றை ஏற்பது, தம் கைகளாலேயே பெண்கள் இறந்தனர் என்பதை ஏற்பதாகும். அதற்குப் பலருடைய மனம் இடந்தரவில்லை.

1849ஆம் ஆண்டில் செம்மல்வைஸின் பணி நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு அவருக்குக் கிடைத்த ஆசிரியப் பணியும், மகப்பேற்று மருத்துவத்தைப் பொம்மையைக் கொண்டு மட்டுமே கற்பிக்கலாம் என்னும் வரையறையுடன் வந்தது. மனம் நொந்த அவர், நண்பர்களிடமும் விடைபெறாமல் பெஸ்ட் நகரம் திரும்பினார்.

அங்கே புனித ரோக்கு மருத்துவமனையில் 1851 முதல் மகப்பேற்றுப் பகுதியை நடத்தினார். 1855 வரை நிகழ்ந்த 933 மகப்பேறுகளில் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தோர் எண்மரே. 1855இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1857இல் மரியா வைடன்ஹோபர் என்பவரை மணந்தார்.

செம்மல்வைஸிடமும் ஒரு குறை இருந்தது. தம் கண்டுபிடிப்பை அவர் உரிய காலத்தில் விரிவாக எழுதவில்லை. எழுதுவதை விரும்பாத இயல்பினர் அவர். கண்டறிந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1861இல்தான் அவரது நூல் வெளிவந்தது. அதனையும் பலர் எள்ளினர். சினமுற்ற அவர், ஏற்க மறுத்த பேராசிரியர்களைக் கொலையாளர் என்று கடிந்து வெளிப்படையான மடல்கள் எழுதினார். அம்மடல்கள் நண்பர்களைச் சேர்ப்பதற்கு மாறாகப் பகைவர்களையே பெருக்கின.

இறுதி நாள்களும் காலத்தின் தீர்ப்பும்

1865ஆம் ஆண்டு கோடையில் செம்மல்வைஸின் மனநலம் குன்றியது. வியன்னாவிலிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டார். சேர்ந்து இரண்டு வாரங்களில், ஆகஸ்டு 13ஆம் நாள், 47ஆம் அகவையில் உயிர் நீத்தார். காயத்தின் வழியே குருதியில் பரவிய நச்சே அவரது உயிரைப் பறித்தது. எந்த நோயை எதிர்த்து அவர் போராடினாரோ அதனை ஒத்த நோயே அவரையும் கொண்டது.

அவர் இறப்பதற்கு முந்தைய நாள், கிளாசுகோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், வண்டி ஏறியமையால் கால் முறிந்த சிறுவன் ஒருவனின் காயத்திற்குக் கார்பாலிக் அமிலம் இட்டுக் கட்டினார். புண் சீழ்ப்பிடிக்காமல் ஆறியது. செம்மல்வைஸைப் பற்றி அறியாமலேயே லிஸ்டர் அதே உண்மையின் மற்றொரு வாயிலைத் திறந்தார். 1879இல் லூயி பாஸ்டர், பேறுகாலக் காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிர் சங்கிலிபோல் கோத்திருப்பதைப் பாரிசு நகர அறிஞர்களுக்கு எடுத்துக்காட்டினார். செம்மல்வைஸ் கூறியது மெய்யென உலகம் உணர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை.

புடாபெஸ்ட் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் 1969 முதல் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த இல்லம் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. ஆயினும், அவருக்குரிய பெருஞ்சிறப்பு கட்டடங்களில் இல்லை. இன்று எந்த ஊரின் மகப்பேற்று அறையிலும், பிறக்கவிருக்கும் குழந்தையைத் தொடுமுன் மருத்துவரும் செவிலியரும் கைகளைத் தூய்மை செய்கின்றனர். குழந்தையுடன் தாய் இல்லம் திரும்புகிறாள். தம் தவற்றை நேர்நின்று காணத் துணிந்த ஒருவரின் நெஞ்சுரம் அச்செயலில் நாள்தோறும் வாழ்கிறது.

தெரிந்து தெளிவோம்

மகப்பேற்றின்போது காக்க வேண்டிய தூய்மைகள் ஐந்து என நம் நாட்டு நலப்பணியாளர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அவை: தூய கைகள், தூய இடம், தொப்புள்கொடியை அறுக்கத் தூய பிளேடு, கட்டத் தூய நூல், எதுவும் பூசாத தூய தொப்புள். தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுப்பதால் பச்சிளங்குழந்தைக்கு வரும் இசிவு நோய் முன்பு பல உயிர்களைக் கொண்டது. தடுப்பூசியாலும் தூய்மையாலும் அந்நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதி செய்யப்பட்டது.

சொல்லும் பொருளும்

மகப்பேறு – குழந்தை பெறுதல்
அகவை – வயது
மருத்துவச்சி – மகப்பேறு பார்க்கும் பெண்
பச்சிளங்குழந்தை – அண்மையில் பிறந்த குழந்தை
நஞ்சுக்கொடி – கருவிலுள்ள குழந்தைக்குத் தாயிடமிருந்து உணவு தரும் உறுப்பு
பிணக்கூறாய்வு – இறந்தோர் உடலை அறுத்து ஆராய்தல்
குருதி – இரத்தம்
தறுவாய் – வேளை
எள்ளுதல் – இகழ்தல்
நெஞ்சுரம் – மனவலிமை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. செம்மல்வைஸ் பிறந்த நகரம் ________.
2. இரண்டாம் பிரிவில் பயிற்சி பெற்றோர் ________.
3. பேராசிரியர் கொல்லெச்காவின் இறப்பிற்குக் காரணம் ________ பட்ட காயம்.
4. செம்மல்வைஸின் நூல் வெளிவந்த ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. ஏழைப் பெண்கள் முதற்பிரிவில் சேர ஏன் அஞ்சினர்?
2. கூட்ட நெரிசல் நோய்க்குக் காரணம் ஆகாது என்று செம்மல்வைஸ் எவ்வாறு தெளிந்தார்?
3. 1847 அக்டோபரில் நிகழ்ந்த இறப்புகள் கற்பித்த பாடம் யாது?

இ. பத்தி அளவில் விடை தருக.

1. மருத்துவர் பலர் செம்மல்வைஸின் கருத்தை ஏற்க மறுத்ததற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. உண்மையைக் கண்டறிவது போலவே, அதனைப் பிறர் ஏற்குமாறு எடுத்துரைப்பதும் இன்றியமையாதது. செம்மல்வைஸின் வாழ்வைக் கொண்டு இக்கருத்தை விளக்குக.

ஈ. மொழிப்பயிற்சி

1. கைகழுவுதல் என்பது தமிழில் பொறுப்பிலிருந்து விலகிவிடுதலைக் குறிக்கும் மரபுத்தொடர். இத்தொடரை நேர்ப்பொருளில் ஒன்றும் மரபுப்பொருளில் ஒன்றுமாக இரு தொடர்கள் எழுதுக. செம்மல்வைஸ் கைகழுவியதும் கழுவச் செய்ததும் பொறுப்பை ஏற்றா, துறந்தா எனக் கூறுக.
2. கைகொடுத்தல், கைவிடுதல், கைகூடுதல் ஆகிய மரபுத்தொடர்களைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.
3. பிரித்து எழுதுக: தாயுயிர், நோய்க்குறி, நெஞ்சுரம்.

உ. செயல்திட்டம்

சூல், மசக்கை, வளைகாப்பு, தொப்புள்கொடி, தொட்டில், தாலாட்டு ஆகிய சொற்களின் பொருளை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக. நீவிர் வாழும் ஊரின் மொழியில் அவற்றிற்கு இணையான சொற்கள் உள்ளனவா என்பதை நண்பரிடம் கேட்டறிந்து, அவற்றையும் பட்டியலில் சேர்க்க.